வெற்றிலை ஒட்டாத வெள்ளைக் கார்

வெள்ளக்கரட்டூரில் கார் எஞ்சின்கள் மூச்சுவிடுகிற பிரீதர் குழாய்கள் பேச ஆரம்பித்த வருஷம் மழை வழக்கம்போலத்தான் பெய்தது, நூல் விலை வழக்கம்போலத்தான் ஏறி இறங்கியது, மாரியம்மன் பண்டிகையில் வழக்கம்போல இரண்டு தெருக்காரர்கள் கம்பத்துக்கு முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், ஆகவே வானத்தில் ஏதாவது தெரிந்ததா, சாமி யார்மேலாவது வந்து சொன்னதா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

முதலில் பேசியது போஸ்டாபீஸ் எதிர் ஸ்டாண்டில் நின்ற ஒரு வாடகைக் கார். குழாயில் விரிசல் விட்டிருந்தது, டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார், போனட்டுக்கு அடியிலிருந்து எண்ணெய்ப் புகையோடு புகையாக ஒரு பெண்குரல், ‘அந்தச் சம்பந்தி மூஞ்சியப் பாத்தாலே எனக்குச் சோறு எறங்கறதில்ல’ என்றது. போன மாசம் அந்தக் காரில் மகள் வீட்டுக்குப் போய்வந்த ராஜாமணியம்மா அப்போது பக்கத்துக் கடையில் கொத்தமல்லிக் கட்டை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ‘ஆமா, நாந்தான் சொன்னேன். அதுக்கென்னங்கறீங்க இப்ப?’ என்று கேட்டுவிட்டு, இந்தக் கட்டு வாடியிருக்கிறது என்று வேறு கட்டு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் ஊருக்குள் அந்த விஷயம் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

இதை அதிசயம் என்று சொல்லிக்கொண்டு வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதிசயம் என்கிறவர்கள் ஒருநாளும் போனட்டைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். எஞ்சினுக்குள் எரிகிற வாயுவில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே நழுவி, ஆயில் கிடக்கிற சேம்பருக்குள் இறங்கிவிடும். அந்தப் புகையும் சூடும் எண்ணெய் ஆவியும் உள்ளேயே கிடந்தால் எஞ்சினுக்கு வயிறு உப்பும், சீல் பிய்யும், கண்ட இடத்தில் எண்ணெய் கக்கும். அதனால்தான் ஒரு குழாயும் ஒரு வால்வும் வைத்திருக்கிறார்கள், கீழே சேர்ந்த அழுக்கு மூச்சை உறிஞ்சி மறுபடியும் எஞ்சினின் வாய்க்கே கொடுத்து எரித்துவிடுவதற்கு. தன் அழுக்கைத் தானே விழுங்கவைப்பது, விழுங்கியது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது, இதற்குப் பெயர் பராமரிப்பு. காருக்குள் பேசப்பட்ட பேச்சும் அந்த மூச்சோடு மூச்சாகக் கீழே இறங்கியது என்றால், வால்வு சுத்தமாக இருக்கிற காரில் அது எரிந்து வெறும் புகையாகிவிட்டது என்றால், வால்வு அடைத்தோ குழாய் கிழிந்தோ இருக்கிற காரில் அது வாய்விட்டு வெளியே வந்தது என்றால், சொல்லுங்கள், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஊரும் ஆச்சரியப்படவில்லை. கணவன் மனைவிகள் சண்டையைக் காரில் போடாமல் மொபெட்டில் போட்டார்கள். கட்சிக்காரர்கள் கூட்டணி பேசுவதற்கு ஊரோரத்துக் கரட்டுக் குன்றைச் சுற்றி நடந்தார்கள், அதில் சிலருக்குச் சர்க்கரை இறங்கியது. பழைய கார் வாங்குகிறவர்கள் முன்பு மைலேஜ் கேட்டவர்கள், இப்போது ‘இதுல யாரெல்லாம் ஏறினாங்க?’ என்று கேட்டார்கள். பாகப்பிரிவினை வழக்கொன்றில் பங்காளியின் ஜீப்பைக் கோர்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஓடவிட்டார்கள், எஞ்சின் சத்தியப் பிரமாணம் எடுக்க முடியாது, எஞ்சினைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது, ஓட்டிக்கொண்டு போங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். கல்யாணத் தரகர் வையாபுரி மட்டும், கோர்ட்டுக்கு வேண்டாமென்றால் எனக்கு வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டார், அவரிடமிருந்து வந்ததுதான் வெற்றிலை வைக்கிற வழக்கம்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுக் காரைப் பெண் வீட்டு வாசலில் நிறுத்துவார்கள். பெண்ணின் தாய்மாமன் போனட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, அந்த ஓட்டையின்மேல் ஒரு வெற்றிலையைக் கவிழ்த்துவைப்பார். எஞ்சினை ஓடவிட்டால், வால்வு சரியாக இருக்கிற வண்டியில் உள்ளிழுப்பு இருக்கும், வெற்றிலை கப்பென்று ஒட்டிக்கொள்ளும். ‘ஒட்டிருச்சு’ என்று ஒரு சத்தம் எழும், நாயனக்காரர் ஊதத் தொடங்கிவிடுவார். வால்வு அடைத்த வண்டியில் வெற்றிலை எழும்பிப் பறக்கும், பின்னாலேயே பேச்சு வரும். வெற்றிலை ஒட்டிய வீடு நல்ல குடும்பம், ஒட்டாத வீடு யோசிக்க வேண்டிய குடும்பம். எங்கள் ஊரில் கார்களை அந்த வருஷம் பராமரித்த மாதிரி முன்னும் பின்னும் யாரும் பராமரித்ததில்லை.

என் அப்பா சம்பத் பைபாஸ் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறேன், விடுமுறை விட்டால் வண்டிகளுக்கு அடியில் கிடப்பேன். வெற்றிலை வழக்கத்தின்மேல் எனக்கிருந்த ஆட்சேபத்தை முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

‘அப்பா, ஒட்டின வெத்தல அந்த வீட்ல பொய் இல்லைங்கறதுக்குச் சாட்சியா, இல்ல, பொய்ய நல்லா முழுங்கறாங்கங்கறதுக்குச் சாட்சியா?’

‘உனக்குச் சண்டைக்கு ஆள் கெடைக்கலீன்னா செவுத்துகிட்டக் கூடப் பேசுவயாட்ட இருக்குது.’

‘செவுத்துக்கு வால்வு இல்லீங்கப்பா.’

அவர் சிரித்தார். அப்போது நாங்கள் இரண்டு பேரும் சிரிக்க முடிந்தவர்களாக இருந்தோம்.

மைதிலி என் ஊர்க்காரி, விடுதியில் என் அறைக்காரி. என்னைப்போல் கத்தி வாதாடமாட்டாள். ‘நீ சொல்றது சரிதான்’ என்று முதலில் ஒத்துக்கொள்வாள், ஆற அமரத் தலையாட்டுவாள், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள், நான் கட்டிவைத்தது மொத்தமும் சரிந்துவிடும். கூடப் படித்த பையன் ஒருவனை, எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிற காலனியைச் சேர்ந்தவனை, அவளுக்குப் பிடித்திருந்தது. ‘ஓடிப்போறது எனக்கு ஆகாது, யமுனா. வீட்ல சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை’ என்று சொல்லிவிட்டு, ஆடி நோன்பு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. வயிற்று வலி என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வயிற்று வலி இருக்கிறது, அது கல்யாண வயதில் இருக்கிற பெண்களுக்கு மட்டும்தான் வரும், அதிலும் வீட்டுக்குப் பிடிக்காத பெயர் ஒன்றை வாய்விட்டுச் சொன்ன பெண்களுக்கு மட்டும்தான் வரும், காலையில் வரும், மத்தியானம் முடித்துவிடும், பொழுது சாய்வதற்குள் எரித்தும் விடுவார்கள், போலீஸ் ஸ்டேஷனில் வயிற்று வலி என்றே எழுதிக்கொள்வார்கள், துக்கம் கேட்கப் போகிறவர்கள் ‘பாவம், என்ன வலியோ’ என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வருவார்கள். எந்த மருத்துவப் புத்தகத்திலும் அந்த நோய் இல்லை. பேசுகிற குழாயைப் படம் பிடிக்க ரயிலேறி வந்த பத்திரிகைக்காரர்களில் ஒருவர்கூட இந்த வயிற்று வலியைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. இதில் எது அதிசயம் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள் என்றார்கள். கொண்டுபோனது அவள் பெரியப்பா குழந்தைவேலுவின் வெள்ளை டீசல் கார். குழந்தைவேலு கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர், போர்வெல் வண்டிகளின் முதலாளி, அந்தக் குடும்பத்தில் அவர் சொல் ஒன்றுதான் சொல். அவள் அப்பா நாச்சிமுத்து அவருடைய தம்பி, அண்ணனுக்கு முன்னால் நாற்காலியில் உட்காராதவர், அண்ணனுக்குக் கார் ஓட்டுவது எப்போதும் அவர்தான். சாவு வீட்டில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் குழந்தைவேலு. நாச்சிமுத்து அழவில்லை, அதன்பிறகு பேசியதும் குறைவு.

மறுநாள் காலையில் அந்தக் கார் எங்கள் ஒர்க் ஷாப்புக்கு வந்திருக்கிறது. எஞ்சினை ஓடவிடாமல் ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ‘வால்வக் கழுவிப் போடு சம்பத்து’ என்றிருக்கிறார் குழந்தைவேலு. அப்பா வால்வைக் கழற்றி, டீசலில் கழுவி, காற்றடித்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வந்ததும் மாட்டிக்கொடுத்துவிட்டார், குழாயும் புதுசு, கிளிப்பும் புதுசு. இதை அவர் என்னிடம் மறைக்கவில்லை, நான் கேட்டேன், சொன்னார்.

‘அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்களா?’

‘எஞ்சின் ஓடலயே அம்முணி. ஓடாம எப்படிக் கேக்கறது?’

‘ஓடவிட்டிருக்கலாமுல்ல?’

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்தான் அது. அதன்பிறகு நெடுநாள் நாங்கள் சாப்பிட வா, பூட்டை எடு என்பதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் குழாயில் தொங்குகிறதைக் கழுவலாமே தவிர, ஆயிலில் கலந்துவிட்ட பேச்சை அப்படிக் கழுவ முடியாது, அது கசடாகிச் சேம்பரின் அடியில் தாராகப் படிந்துவிடும், வால்வு நன்றாக வேலை செய்கிற வரையில் எழுந்திருக்காமல் படுத்துக்கிடக்கும். மாசி மாசம் குழந்தைவேலு தன் மகனுக்குப் பெண் பார்த்து, நிச்சயத்துக்கு முன்னால் அந்தக் காரை மறுபடி எங்களிடம் கொண்டுவந்தது அந்தக் கசடை வழித்தெடுக்கத்தான்.

‘சேம்பரக் கழட்டி வழிச்சு, புது ஆயில் ஊத்து சம்பத்து. சம்பந்தி வீட்டுக்காரங்க வெத்தல விசயத்துல ரொம்பக் கண்டிப்பு. கப்புன்னு ஒட்டோணும்.’ பிறகு என்னைப் பார்த்து, ‘ஏனம்முணி, படிப்பெல்லாம் நல்லாப் போகுதா?’ என்றார்.

‘போகுதுங்க.’

‘நம்ம மைதிலி இருந்திருந்தா அவளும் உன்னாட்டத்தான்...’ என்று சொல்லி முடிக்காமல் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம். நடிப்பாக இருந்திருந்தால் ஒருவேளை நான் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

‘வெத்தல ஒட்டுமுங்களா?’ என்று அவர் கேட்டார்.

‘அது வண்டியப் பொறுத்ததுங்க’ என்றேன்.

அப்பா வேறு வண்டியை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கப் போனார். நான் அந்தக் காருக்கு அடியில் நுழைந்து, ஆயில் இறக்குகிற போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். இரண்டு திருகு போதும், மைதிலி கடைசியாகப் பேசியதெல்லாம் பழைய ஆயில் டின்னுக்குள் இறங்கிவிடும், அதை யாரோ சாக்கடைக் கொசுவுக்கு ஊற்ற வாங்கிக்கொண்டு போவார்கள், பிறகு இந்த உலகத்தில் வயிற்று வலி மட்டும்தான் மிச்சமிருக்கும். ஸ்பேனரை எடுத்துவிட்டேன். வெளியே வந்து எஞ்சினை மேல்பக்கம் மட்டும் கண்ணாடியாகத் துடைத்தேன். வால்வைக் கழற்றினேன், அதன்மேல் மூச்சு எந்தப் பக்கம் போக வேண்டுமென்று ஒரு அம்புக்குறி இருக்கும், அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினேன், உள்ளே சேருகிறதெல்லாம் வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கட்டும் என்று.

மறதியில் செய்யவில்லை, அவசரத்தில் செய்யவில்லை. பழிவாங்கத்தான் செய்தேன். பழி தப்பு, போலீஸிடம் போயிருக்கலாம் என்பீர்கள். வயிற்று வலி என்று எழுதியதே அந்தப் பேனாதான். கோர்ட்டுக்குப் போயிருக்கலாம் என்பீர்கள். எஞ்சின் பேச்சு செல்லாது, எரித்த உடம்பு பேசாது, வேறு எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது? பதில் இருந்தால் சொல்லுங்கள், நான் வாதத்துக்குத் தயார்.

அப்பா திரும்பி வந்து போனட்டுக்குள் குனிந்தார். அம்புக்குறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கழற்றப்போகிறார் என்று நினைத்து நான் சண்டைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் குழாயின் கிளிப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

‘லூசா இருந்தா வழியிலயே கழண்டுக்கும்’ என்றார்.

நிச்சயம் கரட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில், பெண் வீட்டு வாசலில், காலை வெயிலில் நடந்தது. மெக்கானிக் குடும்பத்தையும் அழைப்பது இப்போது மரியாதையாகிவிட்டதால் நானும் அப்பாவும் போயிருந்தோம், வண்டி ஏதாவது வம்பு செய்தால் என்று அப்பா மொபெட்டில் ஒரு ஈரச்சாக்கும் வைத்திருந்தார். நாச்சிமுத்து வெள்ளைக் காரைக் கொண்டுவந்து பந்தலுக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கதவோரமாகத் தள்ளி நின்றுகொண்டார். பெண்ணின் தாய்மாமன் போனட்டைத் தூக்கி ஆயில் மூடியைத் திருகினார், அது சோடா பாட்டில் மூடிபோல் அவர் கையை விட்டுத் துள்ளியது. ‘புது ஆயிலுங்க, அப்படித்தான் இருக்கும்’ என்றார் தரகர் வையாபுரி. வெற்றிலை வைத்தார்கள். நாச்சிமுத்து உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். வெற்றிலை ஒரு நொடி நடுங்கியது, எழும்பியது, பந்தல் தென்னங்கீற்றுவரை போய்விட்டு ஆடி ஆடி இறங்கியது, அது தரைக்கு வருவதற்குள் மைதிலி பேச ஆரம்பித்திருந்தாள்.

‘பெரியப்பா, ஆஸ்பத்திரி இந்தப் பக்கமில்லீங்களே.’

‘கண்ண மூடிப் படுத்துக்க கண்ணு. சித்தெ நேரந்தான்.’

‘நீங்க சொல்றது சரிதானுங்க பெரியப்பா, கொஞ்ச நேரந்தான் இருக்குமாட்ட இருக்குது.’ அவள் ஆற அமரத் தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது. ‘ஆனா, எனக்குப் பாலாத்தும்போது உங்க கை ஏனுங்க நடுங்குச்சு?’

வண்டி மேடு பள்ளத்தில் போகிற சத்தம் வந்தது. பிறகு முன் சீட்டிலிருந்து ஒரு குரல், இத்தனை நாள் யாரும் கேட்காத நாச்சிமுத்துவின் குரல்:

‘அண்ணா... திருப்பீரலாமுங்களா?’

‘ரோட்டப் பாத்து ஓட்டுடா.’

‘அப்பா, செக்போஸ்ட்டு தாண்டிருச்சுங்கப்பா’ என்றாள் மைதிலி. ‘கல்லுக்குழி ரோட்டுல எதுக்குங்கப்பா போறீங்க?’

வாசலில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவர்கூட ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. தாய்மாமன் தாம்பாளத்திலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்தார். ‘காத்துக்குப் பறந்துருச்சாட்ட இருக்குதுங்க’ என்றார். காற்றே இல்லை. இரண்டாவது வெற்றிலையும் போனது. ‘வால்வு கொஞ்சம் மக்கர் பண்ணுது, வேற ஒண்ணுமில்லீங்’ என்றார் வையாபுரி. ‘நல்ல நேரம் போகுது, தட்ட மாத்திக்கலாமுங்க’ என்றது இன்னொரு வாய். என் கணக்கில் ஒரு பிழை இருந்தது. காரின் வால்வைத்தான் நான் திருப்பி மாட்டியிருந்தேன், ஊரின் வால்வு நல்ல நிலையில் இருந்தது, அவள் பேச்சை என் கண்ணெதிரே அது உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது.

குழந்தைவேலு அமைதியாகப் போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தார். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை. டீசல் எஞ்சினுக்கு இப்படி ஒரு வெறி உண்டு, உள்ளே அழுத்தம் முற்றி ஆயில் பொங்கி மேலேறி எரிகிற அறைக்கே வந்துவிட்டால், அதற்கு டீசல் வேண்டாம், சாவி வேண்டாம், தன் ஆயிலையே தின்றுகொண்டு ஓடும், தின்னத் தின்ன வேகமெடுக்கும், காற்றை அடைத்தால்தான் நிற்கும். பின்னால் நீலப்புகை பந்தலை மூடியது, போனட் அதிர்ந்தது, மைதிலியின் குரல் உரத்துக்கொண்டே போனது, ‘உங்க கை ஏனுங்க நடுங்குச்சு, உங்க கை ஏனுங்க நடுங்குச்சு’ என்று, நாயனக்காரர் தவிலுக்குப் பின்னால் ஒதுங்கினார், குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

‘சம்பத்து! சாக்க எடு! காத்துக் குழாய்ல திணிடா!’ என்று கத்தினார் குழந்தைவேலு.

அப்பா ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார், அவர் முன்னால் நீட்டினார். ‘நீங்களே திணிங்க’ என்றார். ‘கை நடுங்காமத் திணிங்க.’

குழந்தைவேலு சாக்கை வாங்கவில்லை. அவர் கை நடுங்கியது, அதை எல்லாரும் பார்த்தார்கள், அவரும் பார்த்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து ராஜாமணியம்மா எழுந்து வந்தார். ‘அன்னைக்கு அந்தப் புள்ளயக் குளிப்பாட்டுனது நாந்தான்’ என்றார், எஞ்சின் சத்தத்தை மிஞ்சிக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ‘ஒதடு, நகமெல்லாம் நீலம். மஞ்சளப் பூசி மறைங்கன்னாங்க, மறைச்சேன். ஆமா, பாத்தேன். ஆமா, சொல்லல.’ அவருக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள், பால் பாத்திரத்தைத் தேய்த்தவள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. யாரும் கையை ஓங்கவில்லை, யாரும் சாபம் விடவில்லை, எழுந்து வந்து நின்றார்கள், அவ்வளவுதான், ஆனால் எழுந்து வந்துகொண்டே இருந்தார்கள், பட்டுச் சேலையும் நூல் சேலையுமாகக் குழந்தைவேலுவைச் சுற்றி மூன்று பக்கமும் அடைத்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நாலாவது பக்கத்தில் அந்தக் கார் நின்றது.

நாச்சிமுத்து பின்கதவைத் திறந்தார். ‘ஏறுங்கண்ணா’ என்றார்.

‘எங்கடா?’

‘ஏறுங்க.’

‘டேய், நான் யாருக்காகடா பண்ணினேன்? உன்ற மானத்துக்குந்தானடா?’

நாச்சிமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். குழந்தைவேலு ஏறினார். மகளைப் படுக்கவைத்திருந்த அதே பின்சீட்டில் அண்ணனை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாச்சிமுத்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். பித்துப்பிடித்த எஞ்சினை டாப் கியரில் போட்டு, பிரேக்கைக் காலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, சவ ஊர்வலத்தின் வேகத்தில் கிளப்பினார்.

அப்படித்தான் அந்த வெள்ளைக் கார் கரட்டைச் சுற்றி எங்கள் ஊருக்குள் வந்தது, போனட் பாதி திறந்தபடி, புகை கக்கியபடி, எண்ணெய் சொட்டியபடி, மைதிலி பேசியபடி. விசைத்தறிக் கூடங்களில் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கேட்டார்கள். டவுன் பஸ் ஓரங்கட்டி நின்றது, ஜன்னல் முழுக்கத் தலைகள். கோயில் திருப்பணிக்குக் கல் கொத்துகிறவர்கள் உளியைக் கீழே வைத்தார்கள். காலனி முக்குத் தண்ணீர்க் குழாயடியில் மைதிலிக்குப் பிடித்திருந்த அந்தப் பையனின் அம்மா குடத்தோடு நின்றார், குடம் நிரம்பி வழிந்து காலடியில் சேறானது தெரியாமல் நின்றார். யாராலும் வெற்றிலை வைக்க முடியவில்லை, யாராலும் காற்று என்று சொல்ல முடியவில்லை, தெருத் தெருவாக, வீடு வீடாக, ஆஸ்பத்திரி இந்தப் பக்கமில்லீங்களே, ஆஸ்பத்திரி இந்தப் பக்கமில்லீங்களே. பின்சீட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழந்தைவேலு காதைப் பொத்தியிருந்தார். அந்தச் சத்தம் தரை வழியாக, சீட்டின் வழியாக, முதுகெலும்பின் வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியும், போகட்டும் என்று மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஆயில் தீர்ந்தது. இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்கிற ஒரு சத்தம் வந்தது, எஞ்சின் இறுகி நின்றது, மைதிலி பாதி வார்த்தையில் நின்றாள். அதற்குமேல் அவள் இல்லை. சேம்பரில் இனி ஒரு சொட்டு இல்லை.

இன்ஸ்பெக்டர் படியிறங்கி வந்தார், வயிற்று வலி எழுதிய அதே இன்ஸ்பெக்டர். ‘எஞ்சின் பேசறதயெல்லாம் நாங்க எடுத்துக்க முடியாதுங்க. கோர்ட்டே சொல்லிருச்சு’ என்றார், குழந்தைவேலுவுக்குக் கேட்கிற மாதிரி.

‘எஞ்சின் இல்லீங்க’ என்றார் நாச்சிமுத்து. ‘நான் சொல்றேன். எழுதுங்க.’

வாசல் நிறைய ஊர் நின்றது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் உள்ளே போய் மேஜையில் காகிதத்தை விரித்தார். ஜன்னலுக்கு வெளியே நானும் அப்பாவும் ராஜாமணியம்மாவும் நின்றோம்.

‘பேரு?’

‘அது அப்பறமுங்க. மொதல்ல நான் போன வழியச் சொல்றேன்.’

சொன்னார். மேற்குத் தெரு முக்கில் வலது கைப்பக்கம் திரும்பினால் நேரே பெரியாஸ்பத்திரி, இடது பக்கம் திருப்பினேன் என்றார். செக்போஸ்ட்டில் தெரிந்த போலீஸ்காரர் கையைக் காட்டினார், நிறுத்தியிருக்கலாம், நான் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன் என்றார். பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் நர்ஸம்மா வீடு, அங்கே அவளே ‘அப்பா, நர்ஸக்கா வீடு’ என்று காட்டினாள் என்றார். அந்த இடத்தில் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், முதுகு குலுங்கியது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

‘போதுமுங்க. மீதிய நாங்களே எழுதிக்கறோம். பெத்த மனசு, பாவம்.’

அப்பா என் தோளைத் தொட்டார், வா போகலாம் என்பதுபோல. ராஜாமணியம்மாகூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டுமென்று யாராவது வாதாடினால் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

‘இல்லீங்க சார், அவரே சொல்லட்டும். மெதுவாச் சொல்லட்டும். எங்கெங்க திருப்பியிருக்கலாமோ, ஒண்ணு விடாமச் சொல்லட்டும்.’

நாச்சிமுத்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் மகளைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்ததிலிருந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.